ஐலண்டு ரோட்டில் மாமா ஜெயித்த பந்தயம்

அம்மா கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது கொண்டுவந்த சீர் இரண்டே உருப்படிதான் என்று அப்பா சொல்வார். ஒன்று வெண்கலப் பானை, மற்றொன்று மாமா. பானை வந்த அன்றே அடுப்பில் ஏறிக் குடும்பத்துக்கு உழைக்க ஆரம்பித்துவிட்டது, மற்றதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்பார். மாமா இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு கேட்பார்.

மாமா அம்மாவின் தம்பி. அவரைப் பெற்ற கையோடு அவர்களுடைய தாய் கண்ணை மூடிவிட்டதால், பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயதிலேயே அம்மா இடுப்பில் ஒரு பிள்ளை ஏறிவிட்டது. அந்தப் பிள்ளை இறங்கவே இல்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து அப்பா பஜாரில் ஓர் அரிசி மண்டிக்கு வேலைக்கு வந்தார். அம்மா அவரோடு வந்தாள், மாமா அம்மாவோடு வந்தார். வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமுமாக நாங்கள் வளர்ந்தோம். நான் பள்ளியில் படித்ததும் மலையாளம்தான். தமிழ் எழுத்துகளைப் பிற்பாடு அப்பா வாங்கும் வாரப் பத்திரிகைகளில் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டேன்.

மாமா டிரைவர். மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு முதலாளியிடம் வேலை. அந்த முதலாளியிடம் ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. எட்டு சிலிண்டர், இடப்பக்கம் ஸ்டியரிங், எங்கள் வீட்டு முன்னறையைவிட நீளம். பஜார் சந்துக்குள் அது நுழைந்தால் கைவண்டிகளெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தெருப்பிள்ளைகள் அதற்குக் ‘கப்பல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் கப்பல் ஓட்டுகிறவரின் அக்கா மகள் என்பதால் எனக்குப் பாண்டி விளையாட்டில் எப்போதும் முதல் ஆட்டம்.

துறைமுகத்தில் இறங்கிய ஒரு மாலுமி மாமாவிடம் பழைய அமெரிக்கப் படப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அறுபதுகளில் அந்த ஊர்ப் பையன்கள் தெருவிலேயே காரோட்டப் பந்தயம் நடத்துகிற படங்கள். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பின்சக்கரத்திலிருந்து புகை கிளம்பும். அடுத்த படத்தில் ஒரு கார் முன்னால் இருக்கும். மாமாவுக்கு இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை அவர் புரிந்துகொண்ட அளவுக்கு அதை எழுதினவர்களே புரிந்துகொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

தோப்பும்படிப் பாலம் தாண்டினால் வெலிங்டன் தீவு. எங்களுக்கு அது ஐலண்டு. அங்கே ஒரு ரோடு, சணல் பிடித்துப் போட்டதுபோல் நேராகப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்களெல்லாம் மூடிக்கிடக்கும் மத்தியான நேரத்தில் டிரைவர்களும் வசதியுள்ள வீட்டுப் பையன்களும் அங்கே கூடுவார்கள். ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு வண்டிகள் நிற்கும். யாராவது கர்சீப்பைக் கீழே போடுவார்கள். ரயில்வே கேட் வரைக்கும் யார் முதலில் போகிறார்களோ அவர்தான் அந்த வாரத்து ராஜா. முதலாளிக்கு இது தெரியாது என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். முதலாளியோ திங்கட்கிழமை காலையில் வண்டியில் ஏறும்போது, “வண்டிக்கு சுகமல்லே?” என்று கேட்டுவிட்டு மீசைக்குள் சிரிப்பாராம்.

அம்மாவுக்கு மட்டும் நிஜமாகவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கப் போவதாக நினைத்திருந்தாள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு நாள், “கப்பல் பாக்கப் போலாமா மோளே?” என்று மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பின்சீட்டில் எனக்கு முன்பே இரண்டு அரிசி மூட்டைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. அந்தக் காரின் எஞ்சினுக்கு இருந்த வேகத்துக்குப் பின்பக்கம் கனமில்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுமாம். அதனால் அப்பாவின் மண்டியிலிருந்து மூட்டைகளைக் கேட்டு வாங்கி ஏற்றுவார். அன்று கனம் கொஞ்சம் குறைந்தது, அதற்கு நான். மாமாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று பாலம் தாண்டும்வரை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

கர்சீப் விழுந்ததும் என் முதுகு சீட்டுக்குள் புதைந்தது. வயிறு எங்கோ பின்னால் மரத்தடியிலேயே நின்றுவிட்டது. சத்தம் காதில் கேட்பதாக இல்லை, நெஞ்செலும்பில் கேட்டது. நான் அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக அதன்பிறகு இருந்ததில்லை. கேட்டைத் தாண்டி மாமா பிரேக் போட்டபோது ஒரு மூட்டை என்மேல் சரிந்து, என் உதடு முன்சீட்டுக் கம்பியில் இடித்துக் கிழிந்தது. நாங்கள் ஜெயித்திருந்தோம். ரத்தத்தோடு நானும் கைதட்டினேன்.

கவுனில் ரத்தம் பார்த்த அம்மாவிடம் ‘படியில் விழுந்தேன்’ என்று சொல்வதற்கு மாமா வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சந்தோஷம் தாங்காத நான் வாசலில் கால் வைத்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. அதுதான் மாமாவைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். என் உதட்டுக்கு மஞ்சள் வைத்துவிட்டு, சாமி விளக்கின் முன்னால் என்னை உட்காரவைத்தாள். மாமாவின் வலது கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்தாள்.

“இனி அந்த ரோட்டுல பந்தயம் ஓட்ட மாட்டேன்னு இவ தலைமேல சத்தியம் பண்ணு.”

மாமா கையை இழுத்தார். அம்மா விடவில்லை. “அக்கா, வேண்டாங்க்கா. என் தலைமேல பண்றேன். சாமிமேல பண்றேன். குட்டி மேல வேண்டாம்.”

“உன் தலைக்கு நீ என்னிக்குடா விலை வச்சே? சாமின்னா மன்னிச்சிரும், அதனால சாமி போதாது. சொல்லு.”

“பிள்ள தலைய எதுக்கு இதுல இழுக்கறே?” என்று அப்பா மூலையிலிருந்து ஒரு தரம் கேட்டார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மாமா சொன்னார். சொல்லி முடித்ததும் கையை என் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

சத்தியத்தை மீறினால் யார் தலையில் அடித்தார்களோ அந்தத் தலை வெடித்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு விளக்கினாள். நான் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, “அவன் மீற மாட்டான்டி” என்றாள். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். தன் உயிருக்கு அடங்காதவன் இவள் உயிருக்கு அடங்குவான்.

அடங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கப்பலை முதலாளி வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தி, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். பஜாரில் சாயா குடிக்கப் போனால் மற்ற டிரைவர்கள், “என்னடா, உன் சேச்சி புடவைத் தலைப்புல முடிஞ்சு வச்சிட்டாளா?” என்று சீண்டுவார்கள். அவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவார். வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்பது நின்றுபோனது. இன்னொன்றும் நின்றது. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் என் தலையைக் கலைத்துவிட்டுத்தான் கைகால் கழுவப் போவார். சத்தியத்துக்குப் பிறகு அவர் என் தலையைத் தொடவே இல்லை. நான் வேண்டுமென்றே அவர் வழியில் போய் நின்றாலும் கன்னத்தைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்த வருஷங்களில் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. யானையைக் கட்டித் தீனி போடுகிற காலம் போய்விட்டது என்று முதலாளி முடிவுசெய்தார். எங்கள் பக்கத்தில் அப்போது எல்லாப் பெரிய கார்களுக்கும் நேர்ந்த கதிதான். அமெரிக்க எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, பழைய லாரியின் டீசல் எஞ்சினை உள்ளே பொருத்தி வாடகைக்கு ஓட்டுவார்கள். திங்கட்கிழமை வண்டியைப் பள்ளுருத்தி ஒர்க்‌ஷாப்பில் விடும்படி மாமாவுக்குச் சொல்லிவிட்டார். செய்தி பரவியதும் கிழக்கே ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவரின் மகன் ஆள் அனுப்பினான். அவனிடம் ஒரு புது வண்டி இருந்தது. கப்பல் கட்டை வண்டியாவதற்கு முன்னால் ஒரு தரம் வரச் சொல்லு, இல்லையென்றால் பயந்துவிட்டான் என்று வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருந்ததால் பாயைவிட்டு எழுந்திருக்காமல் கிடந்தேன். மாமா வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“மோளே, உன்கிட்ட ஒரு காரியம் கேக்கணும்.”

“என்ன?”

“அன்னிக்குச் சத்தியம் உன் தலைமேலதானே பண்ணினேன்? அப்ப அது உன்னோடது. நீ போன்னு சொல்லிட்டா சத்தியம் இல்லாம ஆயிரும். அப்படித்தானே?”

பெரியவர் ஒருவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டேன். “என் தல வெடிக்காதே?”

“நீயே சொன்னப்புறம் எப்படி வெடிக்கும்? ஒரே ஒரு தடவை. நாளைக்கு அதோட நெஞ்சையே எடுத்துருவாங்க மோளே.” அவர் கண் கலங்கியிருந்தது. “நீ மனசோட சொல்லணும். இல்லேன்னா போக மாட்டேன்.”

“மனசோடதான் சொல்றேன். போ மாமா. ஆனா ஜெயிக்கணும்.”

அவர் எழுந்தார். பழைய பழக்கத்தில் அவர் கை என் தலையை நோக்கி வந்தது. பாதியில் நின்று, திரும்பிப் போய்விட்டது. தொட்டிருந்தால் கை சுட்டிருக்கும். அப்படிச் சுடுகிற பிள்ளையை விட்டுவிட்டு மாமா பந்தயத்துக்குப் போயிருக்கவே மாட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு நினைவு தப்பிவிட்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டைபாய்டு. எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் குடித்த வேறு வீட்டுப் பிள்ளைகளும் அதே வார்டில் கிடந்தார்கள். விஷம் உடம்பில் இறங்கி ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா அதை அப்போதும் பிறகும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. காய்ச்சல் தலைக்கேறாமல் இருக்க ஈரத்துணி போடவேண்டும் என்று என் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

எனக்குத் தெளிவு வந்தபோது அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கண் திறந்ததும் நான் பார்த்தது வார்டு வாசலில் நின்ற மாமாவை. அவர் எத்தனை நாளாக அங்கே வந்து நின்றாரோ தெரியாது. நிலையைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டாமல், வெட்டிவிட்ட என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்த ஒரே விஷயம்தான்.

“மாமா, ஜெயிச்சியா?” என்று கத்தினேன். குரல் எழும்பவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டது.

விசிறி நின்றது. அதுவரை அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பதை நான் அறியவில்லை. மாமா நினைத்திருந்தால் ‘என்ன கேக்கறே?’ என்று மழுப்பியிருக்கலாம். என்னை ஏமாற்ற அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

“ஜெயிச்சேன் மோளே,” என்றார்.

நான் கைதட்டினேன். ஊசி போட்ட கை வலித்தது. வலியைப் பார்க்காமல் தட்டினேன். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். மாமா “அக்கா” என்றார். அம்மா திரும்பவில்லை. நான்தான் போகச் சொன்னேன் என்று அம்மாவிடம் சொன்னேன். “தூங்குடி” என்றாள்.

நான் வீடு திரும்பியபோது மாமாவின் பெட்டி வீட்டில் இல்லை. பள்ளுருத்தியில் அறை எடுத்துக்கொண்டார் என்றார் அப்பா. டீசல் எஞ்சின் போட்ட கப்பலை அவரே கொஞ்ச காலம் வாடகைக்கு ஓட்டினார். தெருவில் அது வந்தால் நெல் மில் நடந்து வருவதுபோல் சத்தம். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அது நின்றதில்லை. பிறகு ஊரில் பாதிப் பேர் போனதுபோல அவரும் வளைகுடாவுக்குப் போனார். அங்கே பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஊருக்கு வந்தால் அம்மாவுக்குப் புடவையும் எனக்குத் தலைக்குப் போடும் ஹேர்பின்களும் கொடுத்தனுப்புவார். நான் காலேஜுக்குப் போன பிறகும் பூப்போட்ட சின்னப்பிள்ளை ஹேர்பின்தான் வரும். அவர் கண்ணில் என் முடி வளரவே இல்லை.

லீவில் வரும்போது மண்டியில் அப்பாவைப் பார்ப்பார், வீட்டுக்கு வரமாட்டார். “அக்கா முகத்தைப் பாக்கத் தைரியமில்ல அத்தான்” என்பாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னால் அம்மா, “அவன் வராதது நியாயந்தான்” என்பாள். இவ்வளவு வருஷமாகியும் கோபம் தணியவில்லை என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா அதையே போய் மாமாவிடம் சொல்லியிருப்பார், மாமாவும் தலையாட்டியிருப்பார். அக்காவையும் தம்பியையும் ஒரு நாள் கையைப் பிடித்து ஒரே அறையில் உட்காரவைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் தந்தி வந்தது. மாமா தூக்கத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அங்கேயே காரியம் முடித்துவிட்டார்கள். அம்மா அழவில்லை. அடுப்பு பற்றவைத்தாள், சோறு வடித்தாள். மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, யாரிடமோ வாதாடுகிறவள்போல் சொன்னாள்.

“அவன் வேண்டாம் வேண்டாம்னு கையை இழுத்தான்டி. நான்தான் விடல. என் பிள்ளையைப் பந்தயத்துல வச்சது நானு. அவன் வெறும் வண்டிதானே ஓட்டினான்?”

“இத மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“எப்படிச் சொல்றது? உன் தலை எனக்குச் சூதாட்டமாப் போச்சுன்னா? பெத்தவ வாயால சொல்ற வார்த்தையா அது?” என்றாள். அப்போதுதான் அழுதாள். தான் வளர்த்த பிள்ளைக்காக அழுகிற அழுகை அது. பெற்ற பிள்ளை நான் பக்கத்தில் இருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வார்டில் மாமா நின்ற இடத்திலிருந்து அம்மாவின் முதுகுதான் தெரிந்திருக்கும். அவள் முகம் என் பக்கம் இருந்தது. என் கைகளைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், ‘நான்தான், நான்தான்’ என்று அவள் உதடு அசைந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். அந்த வயதில் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா கோபமாக இருக்கிறாள், தணிந்ததும் அவளே மாமாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அதனால் அவர் ஆஸ்பத்திரி மாடியின் மரப்படிகளில் இறங்குகிற சத்தம் கேட்டபோது, நான் கூப்பிடாமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.